தவக்காலமும் மரதன் ஓட்டமும்



தவக்காலம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும்பும். "இம்முறை எதை விடப்போகிறீர்கள்?" ஒருவர் இறைச்சியை விடுகிறார். ஒருவர் சுருட்டை விடுகிறார். பிள்ளைகள் இனிப்பை விடுகிறார்கள். அதையும் ஞாயிறன்று சேர்த்துச் சாப்பிட்டுக் கணக்கைச் சரிசெய்து கொள்கிறார்கள். எதை விட்டோம் என்பது நமக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. நாம் செய்யும் ஒறுத்தலுக்கு வீட்டிலே யார் விலை கொடுத்தார் என்பதை மாத்திரம் நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இவ்வாரம் கேட்டுப்பார்க்க விரும்புகிறேன். அதற்குத் துணையாக, பனி மூடிய ஒரு தூரதேசத்து நகரின் ஓட்டக்காரர்களை உங்கள் முன் நிறுத்துகிறேன். இத்தவக்காலத்தில் நமக்குப் பாடம் சொல்ல அவர்களிடம் விடயம் உண்டு.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1897ஆம் ஆண்டு முதல் ஒரு மரதன் ஓட்டம் நடந்து வருகிறது. இப்போது அது ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை நடைபெறும். தூரம் 26 மைல் 385 யார். கிலோமீற்றரிற் சொன்னால் 42.195. ஏப்ரலில் ஓடவேண்டுமானால் ஆயத்தம் டிசெம்பரிலேயே தொடங்கவேண்டும். பதினாறு அல்லது பதினெட்டு வாரப் பயிற்சி இல்லாமல் அந்தத் தூரத்துக்கு உடம்பு இணங்காது. ஆகவே அங்கே ஓட விரும்புகிறவர் திருவருகைக் காலத்தில் தொடங்கி, நத்தாரைக் கடந்து, தவக்காலம் முழுவதும் ஓடிப் பழகுகிறார். சில ஆண்டுகளில் போட்டி உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாளே வந்துவிடும். 2014இலும் 2025இலும் அப்படித்தான் வந்தது.

அந்தக் குளிர் நமது மார்கழிக் கூதல் போன்றதன்று. டிசெம்பரில் அங்கே மாலை நாலரை மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். காலை ஏழு மணி வரையும் வெளிச்சம் சரியாக வராது. வேலைக்குப் போகிறவர் ஓடுவதென்றால் இருட்டிலேதான் ஓடவேண்டும். வீதியில் விழுந்த பனி உருகி இரவில் மறுபடி உறையும்போது, வெறும் ஈரம் போலத் தோன்றும் மெல்லிய பனிக்கட்டி தார் வீதியிற் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கால் வைத்தவர் விழுந்த பின்னர்தான் தெரியும். (நம்முடைய பாவ சந்தர்ப்பங்களுக்கு இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அது இன்னொரு வாரத்துக்கு.) அங்குள்ள ஓட்டக்காரரிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. காற்று பலமாக வீசும் நாளில் முதற்பாதியைக் காற்றுக்கு எதிராக ஓடுவார்கள். திரும்பும்போது உடம்பு வியர்வையில் நனைந்திருக்கும்; அப்போது எதிர்காற்றுப் பட்டால் உடம்பு விறைத்துவிடும். கஷ்டமானதை, பெலன் இருக்கும்போதே செய்து முடிக்கிறார்கள்.

பயிற்சியின் முறையையும் கவனியுங்கள். முதல் வாரத்திலேயே இருபது மைல் ஓடுகிறவன் இரண்டாம் வாரத்தில் நொண்டிக்கொண்டு வீட்டில் இருப்பான். வாரத்துக்கு ஒரு நெடு ஓட்டம் வைத்து, அதைச் சிறிது சிறிதாகக் கூட்டி, கடைசியில் இருபது மைல் வரை கொண்டுபோவார்கள். போட்டிக்கு முன்னிரண்டு மூன்று வாரங்களில் திரும்பக் குறைத்து உடம்பை ஆறவிடுவார்கள். ஓய்வும் பயிற்சியில் ஒரு பகுதி. விபூதிப் புதன் அன்றே நாற்பது நாளுக்குமான வைராக்கியத்தையும் செலவழித்துவிட்டு, இரண்டாம் வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் மறந்துவிடும் நமக்கு இந்த ஒழுங்கு நல்லது.

ஆனால், அன்பர்களே, இனித்தான் விடயத்துக்கு வருகிறேன். அந்த நெடு ஓட்டத்துக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். சனிக்கிழமை காலை, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். தகப்பன் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறான். பிள்ளைகளை எழுப்பிப் பால் கொடுப்பது யார்? காய்ச்சலாகக் கிடப்பவனை மருத்துவரிடம் கொண்டுபோவது யார்? வாசலிற் குவிந்த பனியை அள்ளி எறிவது யார்? ஓடியவன் களைத்து வந்து படுக்கிறான். அவன் படுக்கும் நேரத்துக்கும் ஒருத்தி வீட்டைச் சத்தமின்றி வைத்திருக்கவேண்டும். ஏப்ரலிலே பதக்கம் அவன் கழுத்தில் விழும். மனைவி ஓடினால் கணவனுக்கும் இதே கதைதான். ஆக, ஒருவர் ஓடுகிறார், இன்னொருவர் விலை கொடுக்கிறார்.

இதை நன்கு உணர்ந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். வீட்டார் எழும்புமுன், சாமம் நாலரைக்கே எழுந்து ஓடிவிட்டு, பிள்ளைகள் கண்விழிக்கும்போது அடுப்படியில் நிற்கிறார்கள். அந்த ஒன்றரை மணித்தியாலத்தை அவர்கள் தங்கள் நித்திரையிலிருந்து வெட்டி எடுத்தார்கள். பிறருடைய பங்கிலே கை வைக்கவில்லை.

புனித சின்னப்பர் ஓட்டப் பந்தயத்தைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதியதை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அவர் மரதன் ஓட்டத்தைக் கண்டதில்லை. பழைய கிரேக்கரின் விளையாட்டுக்களில் அவ்வளவு நீண்ட ஓட்டம் இருந்ததில்லை. மரதன் என்பது 1896இல் ஏதென்சில் தொடங்கிய புதுப்பழக்கம். ஆயினும் கொரிந்து நகருக்கு அருகே இஸ்த்மியா என்ற இடத்தில் இரண்டு ஆண்டுக்கொருமுறை பெரிய விளையாட்டு விழா நடந்தது. வென்றவனுக்குக் கிடைத்தது தழையாற் கட்டிய ஒரு முடி. சில நாளில் வாடிப்போகும் அந்த முடிக்காக அவர்கள் பட்ட பாட்டைக் கொரிந்தியர் நேரிற் கண்டவர்கள். ஆகவே அப்போஸ்தலர் சொன்ன உவமை அவர்களுக்குச் சட்டெனப் பிடிபட்டிருக்கும்.

நாமோ அந்தச் சில வரிகளைத் தனியே எடுத்துப் பிரசங்கம் செய்கிறோம். அவை நிற்கும் ஒன்பதாம் அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அங்கே சின்னப்பர் எதைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறார்? நற்செய்தியைப் போதிப்பவன் அதனாற் பிழைக்க உரிமையுண்டு. அந்த உரிமை தமக்கும் உண்டு. ஆனால் அதை நான் பயன்படுத்தவில்லை என்கிறார். யாருக்கும் சுமையாயிராமல், ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதிகளோடு தங்கி, கூடாரத் தொழில் செய்து சாப்பிட்டார் என்பதை அப்போஸ்தலர் பணி நூலிலிருந்து அறிகிறோம். எல்லாருக்கும் தம்மை ஊழியனாக்கிக் கொண்டதாகச் சொல்லி முடித்த பிறகுதான் ஓட்டக்காரனின் உவமையை எடுக்கிறார். அடக்கி ஆள்வதாக அவர் சொல்வதும் தம்முடைய உடலைத்தான். மனைவியின் உடலையோ, பிள்ளையின் உடலையோ, சகோதரனின் உடலையோ வருத்தி முடி சூடும்படி அவர் எவருக்கும் சொல்லவில்லை. பிறர் தோளிலே பாரத்தைக் கட்டிவிட்டுத் தாம் விரலாலும் தொடாதவர்களைப் பற்றி நம் ஆண்டவர் எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

பொஸ்டன் ஓட்டத்திலே பெயர்பெற்ற ஒரு தகப்பனும் மகனும் உண்டு. மகன் றிக் ஹொய்ட் 1962இல் பிறந்தார். பிறக்கும்போது தொப்புட்கொடி கழுத்தைச் சுற்றியதால் மூளைக்குப் பிராணவாயு போகவில்லை; கைகால்கள் வழங்கவில்லை, பேச்சும் வரவில்லை. பிள்ளையை ஒரு விடுதியில் விட்டுவிடும்படி மருத்துவர்கள் சொன்னார்கள். டிக், ஜூடி என்ற பெற்றோர் அதை மறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொறியியலாளர், தலையை அசைத்து எழுத்துக்களைத் தெரிவு செய்யும் ஒரு கணனியைச் செய்துகொடுத்தனர். 1977இல் அந்தப் பிள்ளை தகப்பனிடம் ஒன்று கேட்டான்: விபத்தில் இயக்கமிழந்த ஒரு விளையாட்டு வீரனுக்கு உதவியாக நடக்கும் ஐந்து மைல் ஓட்டத்தில் தானும் பங்குபற்ற வேண்டும் என்று. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த தகப்பன் நெடுந்தூர ஓட்டக்காரர் அல்லர். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். கடைசிக்கு முந்தினவராக வந்தார்கள். ஓடும்போது தனக்குக் குறையிருப்பதாகவே தோன்றவில்லை என்று அன்றிரவு மகன் கணனியில் எழுதினான்.

அதன்பின் தகப்பன் பயிற்சியைத் தொடங்கினார். பாரத்தைத் தள்ளிப் பழகவேண்டும். ஆனால் மகனோ பள்ளிக்கூடம் போகிறான், படிக்கிறான். மகனைப் படிப்பிலிருந்து எழுப்பி நாற்காலியில் இருத்தியிருக்கலாம். டிக் அப்படிச் செய்யவில்லை. சக்கர நாற்காலியில் ஒரு சீமெந்துப் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். அன்பர்களே, அந்தச் சீமெந்துப் பையை நினைத்துப் பாருங்கள். மகனுடைய பாரத்தைத் தான் எடுத்தார். மகனுடைய நேரத்தை அவனிடமே விட்டார். மகன் 1993இல் பொஸ்டன் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார். இருவருமாகப் பொஸ்டன் மரதனை 32 தடவை ஓடினார்கள்.

இதைப் பூரண புண்ணிய சரித்திரமாக எழுதிவிட நான் விரும்பவில்லை. டிக், ஜூடி தம்பதிகளின் இல்லறம் 1994இல் முறிந்தது. அதற்குத் தீர்ப்பிடுவது நம்முடைய வேலையன்று. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். ஓட்டம் ஆரம்பமாகும் ஹொப்கின்ரன் என்ற ஊரிலே 2013இல் அவர்களுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். தகப்பன் தள்ளுகிறார், மகன் இருக்கிறார். மகனைப் பொதுப் பள்ளிக்கூடத்திற் சேர்க்க ஆண்டுக்கணக்காகப் போராடி, 1975இல் சேர்ப்பித்த தாய் அந்தச் சிலையில் இல்லை. சிலையில் இடம்பெறாத ஒருவர் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கிறார்.

இப்போது நமது வீடுகளுக்குத் திரும்புவோம். உபவாசம் இருக்கிற தகப்பனார் பசியினாற் சினந்து விழுகிறார். அன்று முழு வீடும் அவருடைய சிரிப்பை உபவாசம் இருக்கிறது. பங்குச் சபை, பக்திச் சபை, வின்சென்ட் டி போல் சபை என்று கிழமையில் நான்கு மாலை கோவிலடியில் நிற்கிறவரைப் பார்த்து நாம் பக்திமான் என்கிறோம். அவருடைய பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. தாயார் மடுவுக்கு நேர்ந்துகொள்கிறாள், வழிச்செலவுக்குக் கடன்படுகிறவன் மூத்த மகன். மாமியாரைப் படுக்கையிற் பார்க்கிற மருமகள் மூன்று வாரமாகப் பூசை காணவில்லை. அவளைப் பார்த்து "கோவிலுக்கு வாறதில்லை" என்று பேசுகிறவர்கள், அவள் வீட்டில் நிற்பதனாலேதான் கோவிலில் நிற்கிறார்கள்! குருவானவர்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்ல. கூட்டத்தை இரவு ஒன்பது மணி வரை இழுத்தடிக்கும்போது அந்த மணித்தியாலங்கள் யாருடைய வீட்டிலிருந்து வருகின்றன என்று நாங்கள் எண்ணிப் பார்ப்பது குறைவு.

இதைச் சொல்வதால் சபைகளை விடுங்கள், நோன்பை விடுங்கள் என்று நான் சொல்கிறேன் என எவரும் எண்ணவேண்டாம். ஓட்டக்காரன் ஓடத்தான் வேண்டும். பொஸ்டன் பாதையிலே முதல் மைல்கள் இறக்கமாகப் போகும். ஓடுகிறவர்களுக்குத் தாங்கள் பெரிய வீரர்கள் என்ற எண்ணம் வந்துவிடும். இருபதாம் மைலுக்கு அப்பால், பெலன் எல்லாம் தீர்ந்த இடத்தில் ஒரு குன்று வருகிறது. "இதயம் நொறுங்கும் குன்று" என்பது அதன் பெயர். உயரம் பெரிதல்ல, நூறு அடிக்கும் குறைவு. அது வருகிற இடந்தான் கொடியது. அதன் உச்சிக்கு அருகில் இயேசு சபையாரின் பொஸ்டன் கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் வீதியோரம் நின்று கத்தி உற்சாகப்படுத்துவார்கள். குடும்ப வாழ்விலும் அந்தக் குன்று உண்டு. நோயாக வரும், வேலை போவதாக வரும், வயதுபோன தாய் தகப்பனாக வரும். அந்த நேரத்தில் ஒருவர் மற்றவருக்காக எழும்புகிற பழக்கம் உடம்பில் ஊறியிருக்கவேண்டும். அது இருட்டிலே, ஒருவரும் கைதட்டாத வேளையிலே பழகிக்கொள்ள வேண்டியது.

2013இல் குண்டு வெடித்தபோது, ஹொய்ட் தகப்பனும் மகனும் முடிவுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு மைல் தூரத்தில் நிறுத்தப்பட்டார்கள். அதுவே தங்கள் கடைசி ஓட்டம் என்று எண்ணியிருந்தவர்கள், நின்றுபோனதை முடிக்க மறு வருடமும் வந்தார்கள். 2014 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள். டிக்குக்கு அப்போது வயது எழுபத்துமூன்று. மெதுவாகத்தான் வந்தார்கள், வந்து சேர்ந்தார்கள். தகப்பன் 2021இலும் மகன் 2023இலும் இறைவனடி சேர்ந்தனர்.

வருகிற வெள்ளிக்கிழமை மாலை கோவிலில் சிலுவைப்பாதை. பிள்ளைகளோடும் வயோதிபரோடும் வீட்டில் யார் நிற்பது என்பதை வியாழன் இரவே குடும்பமாக இருந்து பேசிக்கொள்ளுங்கள். சென்ற வெள்ளி நின்றவர் இம்முறை போகட்டும். சென்ற வெள்ளி போனவர் கஞ்சியைக் காய்ச்சி வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கட்டும்.