படிக்காசும் கழிவும்



இன்டர்லாக்கனில் ஹோட்டல் சமையலறை வேலை முடிந்தபின் கோயிற் கணக்கு எழுதுபவன் அடியேன். குருக்கள் ஐயாவின் சம்பளத்துக்கு வரவு போதாத மாதங்களில் திருவீழிமிழலையை நினைத்துக்கொள்வேன்.

7ஆம் நூற்றாண்டில் அங்கே கடும் பஞ்சம். அடியார்களுக்கு அமுதளிக்க வழியின்றி வருந்திய அப்பருக்கும் சம்பந்தருக்கும் எம்பெருமான் கனவிலே தோன்றி, நாளுக்கொரு காசு பீடத்தில் வைத்தருளினார். புதையல் கொடுக்கவில்லை, அன்றைய அரிசிக்கு அன்றைய காசு.

ஆனால் சம்பந்தரின் மடத்தில் மட்டும் சோறு தாமதமாகவே ஆயிற்று. விசாரித்தால், அவரது காசுக்கு வணிகர் கழிவு பிடித்தனராம். (இந்த வயிற்றெரிச்சல் கணக்கனுக்குத்தான் தெரியும்!) உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்த அப்பரின் காசோ முழுப் பெறுமதிக்கும் சென்றது என்கிறது பெரியபுராணம். சம்பந்தரும் இறைவனிடமே முறையிட்டுப் பதிகம் பாடினார், கழிவு நீங்கியது.

சென்ற மாதம் நமக்கு 300 பிராங்க் குறைந்தது. ஞாயிறன்று அன்னதானப் பாத்திரங்களைக் கழுவிவிட்டுப் போன பொடியன் ஒருவன், அடுப்படியில் ஓர் உறையை வைத்துவிட்டுப் போயிருந்தான். பெயர் எழுதவில்லை. அவனுக்கு இன்னும் விசாவே கிடைக்கவில்லை.