சோர்வு என்னும் காவல்

மழை விட்ட மறுவாரம் சுந்தரபாண்டியம் வயல் வரப்புகளில் கீழாநெல்லி தலைகாட்டிவிடும். காமாலை என்றால் அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடிப்பார்கள். பெரும்பாலான காமாலை தானாகவே இறங்கிவிடும். பேர் செடிக்குப் போகும்.

*

சிலரிடம் தானாக இறங்காத ஒன்று, ஹெபடைடிஸ் பி என்ற கிருமியால் வருவது. அந்தக் கிருமியை நெடுங்காலம் சுமப்பவர்களுக்குச் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்த்து, 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். கிருமியைக் கண்டறிந்து நோபல் பெற்ற பரூச் பிளம்பர்க்கும் அதில் பங்கு கொண்டார். 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. பின்னால் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை.

*

இந்தக் கிருமி ஈரல் அணுவுக்குள் குடியிருக்குமே தவிர, பொதுவாக அதைக் கொல்வதில்லை. கொல்வது, கிருமியை எதிர்க்கும் நம்முடைய டி அணுக்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை.

*

எதிரி வருஷக்கணக்கில் நகராமல் இருந்தால் டி அணுக்கள் சோர்கின்றன. அவற்றின் மேல் பிடி-1 என்ற புரதம் நிறைந்து, வேகத்தை அடக்குகிறது. 1992இல் கியோட்டோவில் ஆய்வாளர் ஹோன்ஜோவின் குழு கண்ட புரதம் அது. ஹைதராபாத்தில் படித்து அமெரிக்கா சென்ற ரஃபி அகமதுவின் குழு, 2006இல் நாட்பட்ட தொற்றுள்ள எலிகளிடம் அந்தத் தடையை நீக்கிப் பார்த்தது. துவண்டு கிடந்த அணுக்கள் மறுபடி வேலைக்குத் திரும்பின.

*

திரும்ப முடிகிறதென்றால், அந்தச் சோர்வு அடங்கியிருத்தலே தவிர அழிவு அல்ல. முழு மூர்க்கத்தோடு பல ஆண்டுகள் போராடியிருந்தால் கிருமியோடு ஈரலும் போயிருக்கும். உடம்பு தன்னைத் தன் கோபத்திடமிருந்தும் காக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சமாதானத்துக்கும் விலை உண்டு. கிருமி உள்ளேயே இருக்கிறது. அவ்வப்போது மூளும் சண்டையில் ஈரல் தழும்பேறுகிறது, சிலருக்குப் புற்றாகிறது.

*

பெரியவர்களுக்குத் தொற்றினால் 100க்கு 95 பேர் விரட்டிவிடுகிறார்கள். பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றும் குழந்தைகளில் 100க்குச் சுமார் 90 பேரிடம் அது தங்கிவிடுகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடச் சொல்வது அதனால்தான். ஆயுள் முழுக்கப் பொறுமை காக்கும் வேலையை ஒரு பச்சிளம் உடம்பின் மேல் சுமத்தாமல் இருக்க, நம் கையில் இருப்பது அந்த ஒரு நாள்.