முதுமைக்குரிய நாடு யாது?

வாழ்நாளின் இறுதிக் கூற்றினை எந்நாட்டிற் கழித்தல் தகும் என்னும் வினா, முன்னாளில் துறவு பூண்டாரிடத்தும் தலயாத்திரை மேற்கொண்டாரிடத்துமே பெரும்பாலும் எழுவதாயிருந்தது. இந்நாளிலோ தொழிலினின்றும் ஓய்வுற்ற இல்லறத்தார் பலரும் அதனை வினவுகின்றனர். பிறநாட்டு முதியோரை வருக என அழைக்கும் நாடுகளும் பலவாயின. தாய்லாந்து, 50 வயது நிரம்பி 8 லட்சம் பாத்து வங்கியில் வைப்புடையாரை, ஆண்டுதோறும் இசைவு புதுப்பிக்கும் முறையில் தங்க விடுகின்றது. மலேசியா 1996-இல் முதியோர்க்கென ஒரு திட்டம் வகுத்து, 2002-இல் அதனை ‘மலேசியா எனது இரண்டாம் இல்லம்’ என்னும் பெயரால் விரித்தது. துபாய் நகரும் 2020-இல் 55 வயது கடந்தார்க்கு இத்தகைய திட்டம் ஒன்றை வெளியிட்டது. இவற்றுள் யாது சிறந்தது என ஆராய்வார், செலவின் சுருக்கம், தட்பவெப்பம், மருத்துவ வசதி, வரி என்னும் இவற்றையே அளவுகோலாகக் கொள்கின்றனர். சைவ சித்தாந்திக்கு இவ்வளவுகோல் அமையுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வினா எமக்கு ஏட்டினின்றும் கிடைத்ததன்று. பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடியை அடுத்த சிற்றூரிற் பிறந்து, வளைகுடா நாடொன்றில் முப்பதாண்டு உழைத்து மீண்ட சைவ அன்பர் ஒருவர் எம்மிடம் நேரிற் கேட்டது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் அவ்வட்டத்தினின்று சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைப்பு நாடிச் சென்றோர் பலர். இவ்வன்பரின் மனைவியார் சிவபதம் எய்தினர். மகனார் கனடாவிற் குடியேறினர். ஊரிலுள்ள வீடு பூட்டிக் கிடக்கின்றது. “ஐயா, மகன் அழைக்கிறான், அங்குக் குளிர் தாங்கவில்லை, அவர்கள் வேலைக்குச் சென்றபின் பேசுவாரில்லை. ஊரிலோ என்னை அறிந்தவர் ஒருவர் இருவரே உளர். உடன் உழைத்த நண்பர்கள், மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ போகலாம், செலவு குறைவு, மருத்துவம் நன்று என்கின்றனர். நான் எங்கிருந்து கண்ணை மூடுவது?” என்றார்.

அப்பொழுது யாம் இருவரும் ரஞ்சன்குடிக் கோட்டையின் மதில்மேல் நின்றிருந்தேம். திருச்சிராப்பள்ளியினின்று சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு வடக்கே, அகழி சூழ, அரைவட்டக் கொத்தளங்களோடு அக்கோட்டை நிற்கின்றது. 17-ஆம் நூற்றாண்டில், கருநாடக நவாபுக்கு உட்பட்ட ஜாகீர்தாரால் செதுக்கிய கற்கொண்டு எடுக்கப்பட்டது. 1751-இல் சந்தா சாகிபுக்குத் துணைநின்ற பிரஞ்சுப் படையும், முகம்மது அலிக்குத் துணைநின்ற ஆங்கிலப் படையும் பொருத வாலிகொண்டாப் போர் இதன் பாங்கரே நிகழ்ந்தது. இன்று மதில் உளது. அதனுட் புகலடைந்தார் இலர். ‘யாவும் நிலையா’ என்னும் பொதுவுரையைக் கூறுதற்கு இதனை யாம் எடுத்தோமல்லேம். மதில் புறப்பகையைத் தடுக்கும். அகத்தே உடன்புகும் பகையைத் தடாது. முதுமைக்கு நாடு தேடுவார் தேடுவதும் ஒரு மதிலே. அஃது எப்பகையைத் தடுக்கும், எப்பகையைத் தடாது என்பதனை முன்னர்த் தெளிதல் வேண்டும்.

உயிர்கள் ஆணவமலத்தினின்றும் நீங்குதற்பொருட்டு இறைவன் மாயையினின்றும் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் கூட்டுவிக்கின்றான் என்பது நம் சித்தாந்தம். இந்நான்கனுள் புவனமும் எண்ணப்படுதலின், இடம் ஒரு பொருட்டன்று என்று கூறுதல் நமக்கு இயலாது. உடம்பு எத்துணை இன்றியமையாததோ, உறையும் நிலமும் அத்துணை இன்றியமையாதது. ஆயின் புவனம் அறிவில் பொருள். தானே ஒன்றனை ஊட்டவும் வல்லதன்று, ஒழிக்கவும் வல்லதன்று. ஊட்டுவான் இறைவன்; ஊட்டப்படுவது பிராரத்துவம். அப்பிராரத்துவமோ உடம்பு சென்றவிடமெல்லாம் உடம்போடு செல்வது. கடல் கடந்தார் உடைமைகளுள் சுங்கச்சாவடியிற் காட்டப்படாது உட்புகுவது அஃதொன்றே. குளிரும் வெயிலும் நாடு மாறின் மாறலாம். தனிமையும், இறப்பச்சமும், ‘யான் எனது’ என்னும் செருக்கும் நாடு மாறின் மாறுவனவல்ல.

அற்றேல், எல்லாம் வினைவழியே நிகழுமாயின், நாட்டைத் தேர்தலும் தேராதிருத்தலும் ஒன்றேயாம் பிறவெனின், அன்று. நோய் வினையால் வருவதேனும் மருந்துண்டலை நம் ஆசிரியர் எவரும் விலக்கிற்றிலர். நுகரப்படுவது பழவினை, நுகருங்கால் எழும் விருப்பு வெறுப்புக்களே ஆகாமியமாய் மேல் ஏறுவன. ஆதலின், ‘எந்நாடு இன்பம் தரும்’ என்னும் வினாவுக்கு விடை ஒருவன் கையில் இல்லை. ‘எக்கருத்தோடு ஒரு நாட்டைத் தேர்கின்றேன்’ என்னும் வினாவுக்கு விடை அவன் கையில் உளது. ஆராய்ச்சி இவ்விரண்டாம் வினாவின்கண்ணே நிகழற்பாலது.

இனி, ‘பிறந்த மண்ணே சிறந்தது, வேறு நாடு நினைத்தலே பிழை’ என்பாரும் உளர். இதுவும் ஆராயாது கூறுவதே. ஊர்ப்பற்றும் பற்றே, ‘என் ஊர்’ என்பதும் ‘எனது’ என்பதன் ஒரு கிளையே. நம் அடியார் வரலாறுகளை நோக்குக. காரைக்காலம்மையார் பிறந்த ஊரிலும் இருந்திலர், கணவனார் ஊரிலும் இருந்திலர். கயிலை சென்று, இறைவன் பணித்தவாறே திருவாலங்காட்டை எய்தினர். திருநாவுக்கரசு சுவாமிகளோ முதுமையிற் கயிலை காண விழைந்து வடநாடு கடந்து, உடம்பு தேயத் தேய ஊர்ந்தும் புரண்டும் சென்றனர். இறைவன் அவரை அவ்வழியிற் செல்ல விடாது, பொய்கையில் மூழ்குவித்துத் திருவையாற்றிற் கயிலைக்காட்சி நல்கினன். சேய்மைநாடு வேண்டினார்க்குக் காவிரிக்கரையிலேயே அந்நாடு காட்டப்பட்டது. எனினும், அக்காட்சி பெற்ற ஊரையே தமக்கு ஓய்விடமாக அவர் கொண்டிலர். இறுதியில் திருப்புகலூரை அடைந்து, அங்கும் உழவாரம் ஏந்திப் புல்லைச் செதுக்கினர். ஆண்டுத் தோன்றிய பொன்னையும் மணியையும் பருக்கைக் கல்லோடு ஒப்ப வாரிக் குளத்தில் எறிந்தனர். முதுமைக்குரிய நாடு அவர்க்கு ஓய்வுக்குரிய நாடாயிருந்ததில்லை. தொண்டுக்குரிய நாடாகவே இருந்தது.

தமிழ்நாட்டைக் கடந்து சேய்மைக்கண் உறைந்தார்க்குச் சான்று குமரகுருபர சுவாமிகள். திருவைகுண்டத்திற் பிறந்து, தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரிடம் உபதேசம் பெற்ற அம்முனிவர், 17-ஆம் நூற்றாண்டிற் காசி சென்றனர். காசியில் இறக்கின் முத்தி என்பது உலகவழக்கு. ஞானத்தாலன்றி வீடில்லை என்பது சித்தாந்தத் துணிபு. இறப்பார் செவியில் இறைவன் உபதேசிக்கின்றான் என்றே காசியின் பெருமை கூறப்படுதலின், ஆண்டும் வீடு தருவது அவனருளேயன்றி மண்ணன்று. இதனை நன்குணர்ந்த சுவாமிகள் ஆண்டு இறப்பை எதிர்நோக்கி வாளா இருந்திலர். இந்துஸ்தானி மொழி பயின்று, மொகலாய அரசின் ஆதரவு பெற்று, கேதாரேசுவரர் திருக்கோயிலைப் புதுக்கி, திருமடம் நிறுவினர். அவர் மரபினரே 1720-இல் திருப்பனந்தாளிற் காசிமடத்தை அமைத்தனர். அயல்நாடு சென்றார் அந்நாட்டினின்றும் யாது பெற்றார் என்பதைவிட, ஆண்டு யாது வைத்தார் என்பதே நம்மவர் நினைவில் நின்றதாதல் காண்க.

அண்மைக்காலத்துச் சான்றும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் யாழ்ப்பாணத்தினின்று மலாயாவுக்குச் சென்று, புகைவண்டி, நில அளவை முதலிய துறைகளில் உத்தியோகம் புரிந்தார் பலர். அன்னார் ஆண்டு இருந்த காலத்திலேயே குவாலாலம்பூரிற் கந்தசுவாமி கோயில் எடுத்தனர். ஓய்வுற்றபின் பலர் யாழ்ப்பாணத்துக்கே மீண்டனர். ‘மலாயா பென்ஷன்காரர்’ என்னும் பெயர் ஊர்தோறும் வழங்கியது. சேர்த்த பொருளால் மனை கட்டினர். கோயிலுக்கும் பள்ளிக்கும் ஈந்தனர். 1983-இல் மூண்டு 2009 வரை நிகழ்ந்த போரில் யாழ்ப்பாணத்து மனைகள் எண்ணிறந்தன அழிந்தன. 1995-இல் வலிகாமத்து மக்கள் முதியோரையும் சுமந்து வெளியேறினர். புகல் எனத் தேர்ந்த தாய்நாடே புகலாகாது ஒழிந்தது. பர்மாவில் வாழ்ந்த தமிழர்க்கோ குடியேறிய நாடே அங்ஙனம் ஆயிற்று. 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது பல லட்சம் இந்தியர் அந்நாட்டை விட்டுப் பெயர்ந்தனர். எஞ்சினாருள்ளும் பலர், வாணிகம் அரசுடைமையாக்கப்பட்ட 1964-ஐ ஒட்டி வெறுங்கையினராய்ச் சென்னை வந்தனர். ஓய்வு வாழ்வுக்கு அழைக்கும் நாடுகளின் இசைவும் இத்தன்மையதே. மலேசியத் திட்டத்தில் வேண்டப்பட்ட மாத வருவாய் 10,000 ரிங்கிட்டாயிருந்தது 2021-இல் 40,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. விதிகள் பின்னரும் மாறின. விலைகொடுத்துப் பெறும் இசைவை உரிமை என எண்ணி அதன்மேல் இறுதிநாளைக் கட்டுதல் மணல்மேற் சுவரெழுப்புதலை ஒக்கும்.

அங்ஙனமாயின் உறைவிடந் தேர்தற்கு அளவை யாது? அதனை மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் வைத்தருளினர். திருவடியை அணையவொட்டாது தடுக்கும் மலத்தைக் கழுவுதல், மெய்யன்பரோடு கூடியிருத்தல், அவர்தந் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு வழிபடுதல் என்பன அதன் கருத்து. ஞானம் பெற்றார்க்கே இவை விதிக்கப்பட்டன. என்னை? உடம்பு உள்ளளவும் வாசனாமலம் தாக்குமாகலின் என்க. ஞானியர்க்கே இவை வேண்டுமெனின், முதுமையாற் கரணம் தளர்ந்த நம்மனோர்க்குச் சொல்லவும் வேண்டுமோ!

ஆதலின் ஒருவர் தம்மைத் தாமே வினவற்பாலன மூன்று. ஒன்று: இவ்விடம்பெயர்வு ‘யான் எனது’ என்பதனைக் குறைக்குமா, வளர்க்குமா? செலவு சுருங்கும் என்பதற்கே ஒரு நாட்டை நாடுவார், அச்சுருக்கம் அந்நாட்டு ஏழையர் பெறும் கூலியின் சிறுமையாலும் வருவது என்பதனை எண்ணுதல் வேண்டும். அவ்வேழையரிடம் ஏவல் கொள்ளுதல் மாத்திரமே தம் வாழ்வாயின், அது செருக்கை வளர்ப்பதன்றி வேறன்று. இரண்டு: ஆண்டு அன்பர் கூட்டம் உளதா? இறுதிவேளையில் நெற்றியில் நீறிட்டு, செவியில் ஐந்தெழுத்து ஓதுவார் ஒருவரேனும் உளரா? மூன்று: கால் தளர்ந்தாலும் சென்று தொழத்தக்க திருக்கோயில் உளதா? கை இயங்குமளவும் செய்தற்கு ஒரு தொண்டு உளதா?

இம்மூன்றும் வாய்ப்பின் அந்நாடு எந்நாடாயினும் ஆகுக. இலண்டன் ஹைகேட்டில் முருகன் கோயில் உளது. ஜெர்மனியின் ஹாம் நகரிற் காமாட்சியம்பாள் கோயில் உளது. யாழ்ப்பாணத்து யோகசுவாமிகளிடம் 1949-இல் தீக்கைபெற்ற அமெரிக்கராகிய சுப்பிரமுனிய சுவாமிகள், ஹவாய்த் தீவிற் சைவத் திருமடம் நிறுவினர். இம்மூன்றும் வாயாவிடின், பிறந்த ஊரும் அயல்நாடே.

இவ்வளவும் கேட்ட அன்பர் சிறிது நேரம் வாளா நின்று, “ஐயா, நீங்கள் சொன்ன மூன்றில் எங்கள் ஊரில் எது இருக்கிறது? கோயிலில் காலையில் விளக்கேற்றிப் பூட்டிவிடுகின்றனர். தேவாரம் ஓதுவாரில்லை. ஒரு முதியவன் வந்து உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேளார்” என்றார். யாம் விடையற்று நின்றேம். அவர் கேட்ட வினா எம்மிடமே மீண்டது.

முதியோர் அயல்நாடு நாடுவதைக் குறைகூறும் நாம், அவர் மீண்டு வருதற்குரியதாக நம் ஊரை வைத்துள்ளோமா? ஒருவேளைப் பூசையளவில் நிற்கும் கோயில்கள் எத்துணை! மடங்களின் சொற்பொழிவு பெருநகர் கடந்து செல்லாமையால், திருமுறையைச் செவியிற் கேளாத சிற்றூர்கள் எத்துணை! ஆதீனங்களும் சைவ சபைகளும் சிற்றூர்க் கோயில்தோறும் வாரத்தில் ஒருநாளேனும் திருமுறை ஓதுதலை ஏற்படுத்தி, ஊர் மீண்ட முதியோரையே அதற்குத் தலைவராக்குவராயின், அன்பர் கூட்டமும் உண்டாம். பூட்டிய வீடுகளும் திறக்கப்படும்.

அவ்வன்பர் எந்நாடும் செல்லத் துணிந்திலர். ஊரிலேயே இருப்பதாகவும் உறுதி கூறிற்றிலர். “முதலில் ஒரு மாதம் இருந்து, நாள்தோறும் மாலையில் கோயிற் கதவைத் திறந்து பார்க்கிறேன்; யாரேனும் வருகிறார்களா என்று காண்போம்” என்றார். எமக்கு அவர் கூறியதே உழவாரப்பணியின் தொடக்கமாகத் தோன்றிற்று. அக்கதவுள் அவரோடு இருவர் மூவர் சென்று அமர்வராயின், அவர் வினாவுக்கு அவ்வூரே விடையாம். அங்ஙனம் செல்லுதற்குக் கடமைப்பட்டார் யாவர் என்பதனை இப்பத்திரிகை அன்பர்கள் தத்தம் ஊரை நினைந்து எண்ணுவாராக.

மெய்கண்ட தேவர் திருவடி வாழ்க.