பங்குரிமையும் உடன்பாடும்

அம்பத்தூரில் வாழும் என் தாய்மாமன் சென்ற ஆண்டு ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினார். ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். ஓர் உணவு நிறுவனத்தில் ஐம்பது பங்குகள் அவருக்கு உண்டு. அந்நிறுவனம் தன் நோக்க விதியைத் திருத்தி, இறைச்சி பதப்படுத்தும் தொழிலையும் சேர்த்துக்கொள்ளப் பங்குதாரரின் வாக்கை அஞ்சல் வழியே கேட்டிருந்தது. “இலட்சக்கணக்கான பங்குகளுக்கு நடுவே என் ஐம்பது எம்மாத்திரம், மாப்பிள்ளை? வாக்களிக்காமலே இருந்துவிட்டால் தீவினை சேராதல்லவா?” என்று கேட்டார்.

பங்குப் பத்திரம் என்பது ஈவுத்தொகை தரும் தாள் என்ற அளவிலேயே நம் இல்லங்களில் எண்ணம் நின்றுவிடுகிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் பங்குகளை இருவகையாகப் பிரிக்கிறது. முன்னுரிமைப் பங்கினர் ஈவுத்தொகையையும், நிறுவனம் கலைக்கப்படுங்கால் தம் முதலையும், மற்றப் பங்கினருக்கு முன்னே பெறுவர். ஆனால் தம் உரிமையை நேரே தொடும் தீர்மானங்கள், நிறுவனத்தைக் கலைத்தல் போன்ற சிலவற்றில் மட்டுமே அவர்கள் வாக்களிக்கலாம். ஈவுத்தொகை ஈராண்டு நிலுவையானால் எல்லாவற்றிலும் வாக்களிக்கலாம். சாதாரணப் பங்கினரோ கடன்காரர் அனைவருக்கும் பின்னர் எஞ்சியதைப் பெறுவோர். வாக்கு பெரும்பாலும் அவர்களிடம் இருப்பது அதனால்தான். ஆயினும் வாக்கு தலைக்கு ஒன்றன்று, பங்குக்கு ஒன்று. பத்து விழுக்காடு உடையோர் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டுமாறு கேட்கலாம். இருபத்தைந்துக்கு மேல் உடையோர் சிறப்புத் தீர்மானத்தைத் தடுக்கலாம்.

அதற்குக் கீழே நிற்பவர் நிலையை நம் பகுதிக்கு நெருங்கிய ஒரு பூசல் காட்டிற்று. அம்பத்தூரின் மிதிவண்டியும் ஆவடியின் எஃகுக் குழாயும் முருகப்பா குழுமத்தின் தொழில்கள். அக்குடும்பத்தாரின் பங்குகளை வைத்திருக்கும் அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாதது. எம். வி. முருகப்பன் 2017இல் காலமானபின், அவர் மனைவி, மகள்கள் வசம் அதில் எட்டு விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட பங்கு இருந்தது. இயக்குநர் குழுவில் இடம் தருக, அன்றேல் நியாய விலைக்குப் பங்குகளை வாங்கிக்கொள்க என்று மூத்த மகள் வள்ளி அருணாசலம் கேட்டார். 2020 செப்டம்பரில் நடந்த பொதுக்கூட்டத்தில் தொண்ணூற்றொரு விழுக்காட்டுக்கு மேற்பட்ட வாக்குகள் அவர் நியமனத்துக்கு எதிராக விழுந்தன. செய்தி நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் வரை சென்று, 2023 ஆகஸ்டில் குடும்ப உடன்படிக்கையில் முடிந்தது. பெரும்பான்மை முடிவு செய்வது சட்டத்துக்கு உடன்பாடானதே. எனினும், சந்தையில் விற்கவும் வழியின்றி, அவையில் அமரவும் இடமின்றி நிற்பவரின் பங்குக்கு உரிமை என்று பெயரிட எனக்கு நா எழவில்லை.

எட்டு விழுக்காட்டுக்கே இவ்வளவுதான் என்றால், ஐம்பது பங்கினர் வாக்களித்து ஆவது என்ன? மாமாவின் கேள்வி இதுதான்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை வந்து சேரும் என்பது நாம் இளமையிலேயே கேட்ட பாடம். முதல் இரண்டுக்கும் ஆற்றல் வேண்டும். உடன்படுவதற்கு வேண்டுவதில்லை, ஆகவே மறுப்பதற்கும் வேண்டுவதில்லை. வாக்களியாமையோ மறுப்பாகாது. சிறப்புத் தீர்மானம் நிறைவேற, ஆதரவு வாக்குகள் எதிர் வாக்குகளின் மும்மடங்கேனும் இருத்தல் வேண்டும். கணக்கில் வருபவை விழுந்த வாக்குகள் மட்டுமே. மறுக்க வேண்டியவர் வாளா இருப்பின் எதிர்த்தட்டின் எடைதான் குறையும். பங்கின் விலைக்கு மேல் நிறுவனத்தின் கடன் நம் வாயிலுக்கு வாராது என்ற காப்பைச் சட்டம் தந்துள்ளது. அக்காப்பு வினைக்கும் நீளும் என்று கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

இதைச் சொல்லும்போதே எனக்கொரு தயக்கமும் உண்டு. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி 2015 முதல் தன் புதிய வரவில் ஒரு பகுதியைப் பங்குச்சந்தை நிதிகளில் இட்டு வருகிறது. பங்கே வாங்காத சம்பளக்காரரும் எந்தெந்தத் தொழிலிலோ பங்குடையவராகிறார். அவரிடம் எவரும் வாக்குக் கேட்பதில்லை. அறியாது நேர்வதையும் கையில் கடிதத்துடன் அறிந்து விடுவதையும் ஒரே தராசில் நிறுக்க நான் துணியமாட்டேன்.

மாமா எதிர்த்து வாக்களித்தார். தீர்மானம் நிறைவேறிற்று. விற்றுவிடத் துணிந்தார், ஆனால் காகிதப் பத்திரங்களை 2019 ஏப்ரல் முதல் அப்படியே பிறர் பெயருக்கு மாற்ற இயலாதாகையால், டீமேட் கணக்கில் ஏற்றவே சில மாதங்கள் சென்றன. அதற்குள் ஓர் ஈவுத்தொகை வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. அதை ஒரு பசுக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார். பங்குகளும் விற்றாயின. வாங்கியவர் யாரென்று சந்தை சொல்வதில்லை. அது ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது என்கிறார்.