செடிக்கும் பிறப்பா?

வீட்டின் பின்புறத்திலே ஒரு துண்டு நிலம். பத்தடி அகலம், இருபதடி நீளம், வேந்தர்க்குரிய பரப்பல்ல! மண்வெட்டி பிடித்தறியாத என் கை, சென்ற ஆண்டு அதைப் பிடித்தது. நாட்டுச் செடிகளையே நடுவதென்று முடிவு செய்தேன். ஆவாரை, தும்பை, எருக்கு, ஆடுதீண்டாப்பாளை! செடி விற்பவர் சிரித்தார்: "குரோட்டன்ஸ் கேளுங்கள், காகிதப்பூ கேளுங்கள், சாலையோரத்துக் களைக்கா காசு தருவீர்கள்?" அண்டை வீட்டு அம்மையாரோ, எருக்கு முளைத்த வீடு பாழாகும் என்று அஞ்சினார். அதற்கு விடை எளிது. முளைத்ததால் பாழாகவில்லை, அம்மா, பாழானதால் முளைத்தது!

விடை எளிதாகக் கிட்டாத கேள்வியை எழுப்பியவர் என் நண்பர். "பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறாயே, செடிக்கு மட்டும் பிறப்பிடம் பார்க்கலாமோ?" என்றார்.

தைத்தது கேள்வி. மழுப்பலாகாது. மிளகாயும் தக்காளியும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டம் தந்தவை. அயலவை என்று அவற்றை ஒதுக்கினால் நம் அடுப்பே அழும்! அழகுக்கென அழைத்துவந்த உண்ணிச்செடியோ மலைக்காடுகளிலே புகுந்து புல்லையும் செடியையும் நெருக்கியது. சீமைக்கருவேலம் ஏரியையும் கண்மாயையும் வளைத்துக்கொண்டது. இத்தகையவற்றை அகற்றத் தமிழக அரசு 2022 இல் கொள்கையே வகுத்தது. ஆயினும் குற்றவாளிக் கூண்டிலே மரத்தையா நிறுத்துவது? விறகுக்கென விதை தூவியது மனிதன் கை! அதே மரத்தைக் கரியாக்கி வயிறு கழுவும் ஏழைகள் இராமநாதபுரச் சீமையிலே உளர்.

ஆக, பிறப்பிடம் உயர்வுக்குச் சான்றன்று. பின் எதைக் கொண்டு நான் நாட்டுச் செடியைத் தேடினேன்? ஆடுதீண்டாப்பாளையைப் பாருங்கள். 'தீண்டா' என்ற சொல் கேட்டாலே நம் உள்ளம் கொதிக்கும். ஆனால் ஆடு தீண்டாத அந்தக் கசப்புச் செடியைத் தேடி வருகின்றன, கருஞ்சிறகும் செவ்வுடலும் கொண்ட பட்டாம்பூச்சிகள். அதிலும் அதன் இனச் செடிகளிலும் அன்றி அவை முட்டையிடா. அந்நஞ்சைத் தின்று வளர்வதாலேயே பறவைகள் அவற்றை விலக்குகின்றன. மனிதன் எந்நாட்டுச் சோற்றையும் உண்பான், எந்நாட்டிலும் குடியேறுவான். அது அவன் உரிமை. புழுவுக்கு அந்த வாய்ப்பு ஏது? செடியின் குலத்தை நான் கேட்கவில்லை, நண்பரே. அதை நம்பி இங்கு யார் யார் பிழைக்கிறார்கள் என்றே கேட்கிறேன்.

நண்பர் ஒப்பவில்லை. "பயன் பார்த்து மதிப்பதும் ஆபத்துதான்; பயனற்றவன் என்று மனிதனையும் ஒருநாள் பிடுங்குவார்கள்" என்றார். அதையும் எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

இதற்கிடையே, ஆவாரைக்கு நாள்தோறும் இருவேளை நீரூற்றி அழுகச் செய்தேன். பாளைக்கொடி பிழைத்தது. ஒருநாள் காலையில் அதன் இலையிலே கருஞ்சிவப்புப் புழு ஒன்று, இடையிலே வெண்பட்டை கட்டி, மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தது. நசுக்க நீண்டது விரல். விருந்துக்கு அழைத்தவனே நான் அன்றோ! விரலை இழுத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் தண்டு மட்டும் நின்றது.