படைக்கலக் கொட்டிலும் மக்கள் மன்றமும்

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்றபொழுது, அம்மன்னன் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குக் காட்டினான் என்று புறநானூற்றுப் பாடலொன்றின் கீழ்வரும் குறிப்புக் கூறுகின்றது. அங்கிருந்த வேல்கள் நெய் பூசப்பெற்று, மயிற்பீலி சூட்டப்பெற்று, காவல் மிக்க மனையில் அழகுற விளங்கின. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலிற் கிடப்பன என்றார் ஔவையார். புகழ்வது போலப் பழித்த அக்கூற்றின் நயத்தை இலக்கிய மாணவர் நன்கறிவர். ஆயின், அரசியற் சிந்தனைக்குரிய பொருளொன்றும் அதனுள் அடங்கியுள்ளது. படைக்கலம் வைத்திருத்தல் வேறு. படைவலிமை உடைமை வேறு. இவ்வேறுபாட்டைக் கண்டது, கொட்டிலின் உள்ளே சென்று பார்த்த கண். அதுவும் அம்மன்னனுக்குக் கடமைப்படாத ஒருவரின் கண்.

மக்களாட்சியிற் படைக்கலக் கொட்டிலின் உரிமையாளர் மன்னரல்லர், மக்களேயாவர். அவர்கள் பொருட்டு உள்ளே சென்று பார்க்கும் கடமை பாராளுமன்றத்திற்குரியது. ஆயினும், கல்வி, சுகாதாரம், போக்குவரத்து முதலிய துறைகளைப் பற்றித் தயக்கமின்றி வினவும் உறுப்பினரும், நாட்டின் பாதுகாப்பு என்ற சொல் எழுந்த மாத்திரத்தே வாய்மூடி விடுவதுண்டு. படைக்கலக் கொள்வனவைக் கேள்விக்குட்படுத்துதல் நாட்டுப்பற்றுக்கு மாறானதா? இரகசியம் காக்கப்படவேண்டிய துறையில் மக்கள் பிரதிநிதியின் அறியும் உரிமை எங்கே முடிகின்றது? வினவுவோர் யார் பொருட்டு வினவுகின்றனர்? இவை ஆட்சிமுறை பற்றிய வினாக்கள் மட்டுமல்ல, அறம் பற்றிய வினாக்களுமாகும். பாராளுமன்ற மரபு நெடுங்காலமாக வேரூன்றிய பிரித்தானியாவின் அனுபவத்தை முதன்மையாகக் கொண்டு இவற்றை ஆராய்தல் பயனுடைத்து.

1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், சமாதான காலத்திற் பாராளுமன்றத்தின் இசைவின்றி நிலையான படையை வைத்திருத்தல் சட்டத்திற்கு முரணானது என விதித்தது. கேட்பாரற்ற படை தன் நாட்டு மக்கள் மீதே திரும்பக்கூடும் என்ற அச்சமே இவ்விதியின் பின்னணியில் இருந்தது. 1861இல், கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபொழுது, கொமன்ஸ் சபையிற் பொதுக் கணக்குக் குழு அமைக்கப்பட்டது. 1866ஆம் ஆண்டுச் சட்டம் கணக்காய்வாளர் தலைமை அதிபதி என்னும் பதவியை நிலைநாட்டி, ஒதுக்கப்பட்ட பணம் ஒதுக்கிய நோக்கத்திற்கே செலவிடப்பட்டதா என்று ஆராய வழிசெய்தது. இலங்கை உட்பட வெஸ்ட்மின்ஸ்டர் முறையைத் தழுவிய நாடுகள் பலவும் இத்தகைய குழுக்களை அமைத்துக்கொண்டன. முதலாவது ஏற்பாடு படையைப் பற்றிய அச்சத்தின் விளைவு. இரண்டாவது, வீண்செலவைப் பற்றிய அச்சத்தின் விளைவு. மூன்றாவதோர் அச்சமும் உண்டு. போர்க்களத்தில் நிற்பவனை அவனுடைய கருவியே கைவிட்டுவிடக் கூடும் என்பதே அது. பாராளுமன்றப் பரிசீலனையின் அறம் இந்த மூன்றாவது அச்சத்தை ஏற்றுக்கொள்ளும்பொழுதே முழுமையடைகின்றது.

இரகசியத்தின் சார்பிற் கூறப்படும் வாதத்தை முதலில் நோக்குவோம். அதனை எளிதிற் புறந்தள்ளலாகாது. ஐக்கிய அமெரிக்காவில் 1941இல் செனற்றர் ஹரி ட்ரூமன் தலைமையில் அமைந்த குழு, போர்க் கொள்வனவுகளிற் காணப்பட்ட வீண்விரயத்தையும் முறைகேட்டையும் ஆராய்ந்தது. ட்ரூமன் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர். தம் கட்சியின் அரசாங்கத்தையே வினவினார். ஆயினும் 1943இல், போர் அமைச்சர் ஸ்ரிம்சன் குறித்ததொரு திட்டத்தைப் பற்றி விசாரிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டபொழுது அவர் இசைந்தார். அதுவே அணுகுண்டுத் திட்டம். வினவும் கடமையுடையவரும் வினாவை நிறுத்திக்கொள்ள வேண்டிய வேளை உண்டு என்பதற்கு இது சான்றாகலாம். எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1945 ஏப்பிரலிற் சனாதிபதியான பின்னரே ட்ரூமன் அத்திட்டத்தின் முழு விபரத்தையும் அறிந்தார். நான்கு மாதங்களுள் இரு நகரங்கள் அழிந்தன. ஏறக்குறைய 2,000 மில்லியன் டொலர் செலவிற் செய்யப்பட்ட அப்படைக்கலத்தைப் பற்றி மக்கள் பிரதிநிதிகளுள் மிகப் பெரும்பாலோர் அறிந்தது அது பயன்படுத்தப்பட்ட பின்னரேயாம். போரின் நெருக்கடி அம்மௌனத்துக்குக் காரணம் கூறலாம். அதன் அறச்சுமையை நீக்கிவிடாது.

சமாதான காலத்து மௌனத்திற்கு அந்தக் காரணமும் இல்லை. பிரித்தானியாவின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஏவப்படும் பொலாரிஸ் ஏவுகணைகள், மொஸ்கோ நகரைச் சூழ்ந்திருந்த எதிர் ஏவுகணை அரணை ஊடுருவ வல்லனவாதல் வேண்டும் என்பதற்காக, செவலீன் என்ற திட்டம் 1970களில் மேற்கொள்ளப்பட்டது. ஹீத்தின் கன்சர்வேட்டிவ் ஆட்சியில் உருப்பெற்ற இத்திட்டம், வில்சன், கலகன் ஆகியோரின் தொழிற்கட்சி ஆட்சிகளிலும் தொடர்ந்தது. அமைச்சர்களுள்ளும் ஒரு சிலரே அதன் விபரங்களை அறிந்திருந்தனர். 1980 சனவரியிற் பாதுகாப்பு அமைச்சர் பிரான்சிஸ் பிம் கொமன்ஸ் சபைக்கு அதனை வெளிப்படுத்தியபொழுது, அதன் செலவு ஏறக்குறைய 1,000 மில்லியன் பவுண் என்பதும் தெரியவந்தது. பாராளுமன்றத்திற்கு உரிய காலத்தில் அறிவிக்காமையை 1982இற் பொதுக் கணக்குக் குழு கண்டித்தது. தொழிற்கட்சி ஆட்சியின் நிதியமைச்சராயிருந்த டெனிஸ் ஹீலி, அத்திட்டத்தை நிறுத்தச் செய்யாமை தமது தவறுகளுள் ஒன்று எனப் பிற்காலத்தில் எழுதினார்.

இங்கே இருவகை அறிவைப் பிரித்து நோக்குதல் வேண்டும். ஏவுகணை எவ்வாறு இயங்கும், அரணை எவ்வழியில் ஊடுருவும் என்பன எதிரி அறியத்தகாதன. அத்தகைய திட்டம் ஒன்று உண்டு, அதன் மதிப்பீடு எவ்வளவு, அஃது எவ்வளவால் மிகைந்தது, அதற்குப் பொறுப்பாளர் யாவர், எந்நிலையில் அது கைவிடப்படும் என்பன பாராளுமன்றம் அறியவேண்டுவன. முதல்வகையை மறைப்பதால் எதிரி ஏமாறுகின்றான். இரண்டாம் வகையை மறைப்பதால் ஏமாறுவோர் பெரிதும் சொந்த நாட்டு மக்களே. எனவே, இரகசியம் என்ற சொல் முன்வைக்கப்படும்பொழுதெல்லாம், "யாரிடமிருந்து?" என்ற வினாவைத் தொடுத்தல் தகும். செவலீன் கூறும் இன்னோர் உண்மையும் நோக்கற்பாலது. அதனை மறைத்ததில் இரு பெருங்கட்சிகளும் பங்காளிகளாயிருந்தன. எதிர்க்கட்சி என ஒன்று இருப்பதால் மட்டும் வினா எழுந்துவிடும் என்பதற்கு உறுதியில்லை.

இனி, படைத்துறை நுட்பங்களைப் பாராளுமன்ற உறுப்பினர் அறியார். ஆதலின் அவற்றை வல்லுநரிடம் விட்டுவிடலே முறை என்பாரும் உளர். 1995இற் பிரித்தானிய பாதுகாப்பு அமைச்சு எட்டுச் சினூக் ஹெலிகொப்டர்களைச் சிறப்புப் பணிகளுக்கெனக் கொள்வனவு செய்ய முடிவு செய்தது. ஏறக்குறைய 259 மில்லியன் பவுண் செலவான அவை 2001இல் வந்து சேர்ந்தன; ஆயினும் பணியில் ஈடுபடுத்த முடியாதனவாயிருந்தன. விமானத்தை இயக்கும் கணினிச் செய்நிரல் பாதுகாப்பானது என்பதைப் பிரித்தானிய விதிகளின்படி நிறுவுதற்கு வேண்டிய விபரங்களைப் பெறும் உரிமையைக் கொள்வனவு ஒப்பந்தம் உறுதிசெய்திருக்கவில்லை. அதனால், முகிலற்ற தெளிந்த வானிலையில், 500 அடிக்கு மேலே மட்டுமே அவை பறக்கலாம் என வரையறுக்கப்பட்டது. தேசிய கணக்காய்வு அலுவலகம் 2004இல் இதனை வெளிப்படுத்தியது. ஆப்கானிஸ்தானிற் படையினர்க்கு ஹெலிகொப்டர் பற்றாக்குறை நிலவிய ஆண்டுகளில், இவை வெப்பநிலை சீராக்கப்பட்ட கொட்டகைகளிற் பேணப்பட்டன. தொண்டைமானின் பீலி சூட்டிய வேல்கள் ஈண்டு நினைவுக்கு வருதல் இயல்பே.

இத்தவறு வல்லுநர் இல்லாமையால் நேர்ந்ததன்று. அதைத் தடுத்திருக்கக்கூடிய வினாவும் வல்லுநர்க்கே உரிய வினாவன்று. "வாங்குவது பாதுகாப்பானது என்பதை நாமே சோதித்தறியும் உரிமை நமக்கு உண்டா?" என்பது, வீட்டுக்குப் பாத்திரம் வாங்குவோரும் கேட்கும் வினாவாகும். நுட்பம் அறிந்தோர் நுட்பத்துள் மூழ்கியிருக்கும்பொழுது, அடிப்படை வினாவை வெளியே நிற்பவரே கேட்க வேண்டியதாகின்றது. அறியாமை வெட்கப்படத்தக்கதன்று, அறியாதவர் வினவாதிருத்தலே கடமை தவறுதலாகும். ஆனால் கணக்காய்வின் குறைபாட்டையும் இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. ஒப்பந்தம் முடிந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னர் வந்த அறிக்கை உண்மையைக் கூறியது; காலத்தை மீட்டுத் தரவில்லை.

பரிசீலனை என்பது செலவைக் குறைப்பது மட்டுமே என எண்ணினாற் பிறிதொரு தீங்கு நேரும். 2006 செப்டெம்பர் 2இல் ஆப்கானிஸ்தானின் கந்தகார் அருகே நிம்றொட் விமானமொன்று தீப்பற்றி வெடித்ததில் 14 படையினர் உயிரிழந்தனர். இதனை ஆராய்ந்த ஹடன்-கேவ், 2009இல் வெளியிட்ட அறிக்கையில், விமானத்தின் பாதுகாப்பை உறுதிசெய்யும் பணி கவனமின்றிச் செய்யப்பட்டமையையும், செலவுக் குறைப்பும் நிருவாக மாற்றங்களும் பாதுகாப்பின் மீதிருந்த கவனத்தைத் திருப்பியமையையும் சுட்டிக்காட்டினார். வீண்செலவு மக்களின் பணத்தை அழிப்பது போலவே, இடமறியாச் சிக்கனம் உயிரை அழிக்கவல்லது. ஆகவே, "எவ்வளவு?" என்று மட்டும் கேட்கும் பாராளுமன்றம் தன் கடமையிற் பாதியையே செய்கின்றது. "இதனைக் கொண்டு களத்திற்குச் செல்பவனின் நிலை யாது?" என்பது மறுபாதி.

அந்த மறுபாதி மறக்கப்பட்டதன் விளைவை ஈராக் போரின் தொடக்க நாட்கள் காட்டின. 2003 மார்ச்சில், மேம்பட்ட உடற்கவசம் போதியளவு இல்லாமையாற் தமது கவசத்தைத் திருப்பி ஒப்படைத்திருந்த பிரித்தானியப் படைவீரர் ஒருவர் கொல்லப்பட்டார். 1999 முதல் வழங்கப்பட்ட ஏறக்குறைய 200,000 கவசத் தொகுதிகள் எங்குள்ளன என்பதே தெரியவில்லை என அவ்வாண்டின் இறுதியிற் கணக்காய்வு அலுவலகம் கூறியது. 2006 டிசெம்பரில் மரண விசாரணை அதிகாரி, கவசம் வழங்குவதில் ஏற்பட்ட தாமதம் மன்னிக்கத்தக்கதன்று எனக் கண்டித்தார். அத்தாமதத்தின் பின்னணியில் ஓர் இரகசியமும் இருந்தது. இராசதந்திர முயற்சிகள் நடைபெறுங்கால், போருக்கு ஆயத்தமாவது வெளித்தெரியலாகாது என்பதற்காக, 2002இன் பிற்பகுதி வரை தொழிற்சாலைகளுடன் வெளிப்படையாகத் தொடர்புகொள்வது தவிர்க்கப்பட்டது. எதிரியின் பொருட்டு எனப்பட்ட மறைப்பு இங்கே அரசியல் வசதியின் பொருட்டாயிற்று. அதன் விலையைச் செலுத்தியவர் அம்முடிவை எடுத்தவரல்லர்.

இவ்விடத்திலேயே இப்பொருளின் அறவியல் மையம் அமைந்துள்ளது. படைக்கலம் வாங்கும் முடிவு எடுக்கப்படும் அறையில் அமைச்சர் இருப்பார், தளபதி இருப்பார், அதிகாரியும் விற்பனையாளரும் இருப்பர். அதனை ஏந்தப் போகும் இளைஞன் அங்கே இல்லை. அவன் அப்பொழுது பாடசாலை மாணவனாகவும் இருக்கலாம். அதன் முன்னால் நிற்கப் போகும் மனிதரும் அங்கே இல்லை. வரி செலுத்தும் உழைப்பாளியும் இல்லை. விளைவைத் தாங்குவோர் எவரும் இல்லாத அவ்விடத்தில், அவர்களுக்குப் பதிலாக வாய்திறக்கும் உரிமை பாராளுமன்ற உறுப்பினர்க்கு மட்டுமே உண்டு. உறுப்பினரின் வினாவைச் சலுகை எனக் கொள்ளுதல் தவறு. இல்லாதோர்க்கு அவர் செலுத்த வேண்டிய கடன் அது. கடனைச் செலுத்தாதிருப்பதற்கு நம்பிக்கையைக் காரணம் காட்டுதல் பொருந்தாது. படையினர் மீது நம்பிக்கை உடையவர், அவர்களுக்குக் கொடுக்கப்படுவதை ஐயுற்று நோக்கவே செய்வர்.

இக்கடனைச் செலுத்துவதற்குப் பாராளுமன்றமும் தகுதி பெறுதல் வேண்டும். படைக்கலத் தொழிற்சாலை தம் தொகுதியில் இருந்தால், அதன் உற்பத்தி தேவையானதா என வினவ உறுப்பினர் தயங்குவர். கட்சிக் கட்டுப்பாடு வினாவை மழுங்கச் செய்யும். பிழை வெளிப்பட்ட பின்னர் ஆர்ப்பரித்தல் எளிது. ஒப்பந்தத்தின் முன்னர் பொறுமையுடன் ஆவணங்களைப் படித்தல் அரிது. முழுச் சபையில் விவாதிக்கத்தகாதவற்றைச் சிறு குழுவொன்றின் முன் மூடிய கதவுகளினுள்ளே ஆராயலாம். ஆனால், கதவை மூடும் உரிமையையும் திறக்கும் உரிமையையும் அமைச்சரிடமே விட்டுவிடலாகாது. இரகசியம் வினவும் முறையை வரையறுக்கலாம். வினவும் உரிமையை இல்லாதொழிக்கலாகாது.

இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத மன்னன், கெடுப்பவர் எவரும் இல்லாதபோதும் கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. பகைவரிடமிருந்து நாட்டைக் காக்கும் படைக்கலம் பற்றிய துறையிலே இக்கருத்து இருமடங்கு பொருந்தும். ஏனெனில், பழுதான கருவியைப் போர்க்களத்திற் பகைவன் கண்டுபிடிப்பதற்கு முன்னர் மன்றத்தில் உறுப்பினர் கண்டுபிடித்தல் நன்று. தொண்டைமானின் கொட்டிலைக் குறைகூற வேற்று நாட்டுத் தூதரொருவர் வரவேண்டியிருந்தது. தன் கொட்டிலைத் தானே திறந்து பார்க்கும் துணிவுடைய மக்கள் மன்றம், அத்தூதரின் வருகைக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை.