தலைக்குமேல் ஒரு குழாய்

பொழுது விடியுமுன்னே கம்பம், கோம்பை, தேவாரம், போடி என்று பள்ளத்தாக்கு நெடுகப் பழைய ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோகிற வண்டிகள். சேலைக்குமேல் ஆம்பிளைச் சட்டை, மடியில் வயர் கூடை, பின்னால் எதிரெதிராக நெருக்கி உட்கார்ந்த பெண்கள். அவர்கள் தலைக்குமேல் வளைந்து போகிற கம்பிகள் படுதாவைத் தாங்க வந்தவை. மழைக்கும் பனிக்கும் அது போதும். வண்டி புரண்டால் ஒரு டன்னுக்கு மேலான எடை அந்தக் கம்பிகள்மேல் வந்து உட்காரும். முன்கண்ணாடிச் சட்டமும் உதவாது. ஜீப்பில் அதை மடக்கிப் போடவென்றே கீல் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

*

என்னுடையது மகிந்திரா எம்.எம். 540, பெஜோ டீசல் எஞ்சின். மகிந்திரா 1947-இல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பித்தது. அந்தப் பழைய உடம்பின் சாயல் இதிலும் போகவில்லை. கதவு கிடையாது, கூரை கிடையாது. புரண்டாலும் உள்ளிருப்பவர் நசுங்காதிருக்க, இதற்கு ரோல் கேஜ் என்கிற குழாய்க் கூண்டு கட்ட வேண்டும் என்று தேனியில் ஒரு பட்டறையில் விட்டிருக்கிறேன். மேஸ்திரி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, குனிந்து அடியில்தான் முதலில் பார்த்தார். அது எனக்குப் பிடித்தது.

*

குழாய் என்றால் எல்லாம் குழாய்தான் என்று நினைக்கிறவர்கள் ஜி.ஐ. பைப்பைக் காட்டுகிறார்கள். தண்ணீருக்கு வந்த குழாய் அது. பற்றவைக்கும்போது துத்தநாகப் பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்த வெல்டருக்கு அன்றிரவு குளிர்க்காய்ச்சல் வந்தாலும் வரும். பூச்சைச் சுத்தமாகச் சுரண்டாவிட்டால் ஒட்டும் சரியாகப் பிடிக்காது. மோட்டார் பந்தயத்துக்கு விதி எழுதுகிற எஃப்.ஐ.ஏ., ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவுக்குக் கேட்பது குறைந்தது 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், 50-க்கு 2 என்றாலும் சரி. தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் எஃகு. சூடுபோட்டு வளைக்கக் கூடாது. வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். வளைத்த இடத்தில் குழாய் நசுங்கி முட்டை வடிவானால் அதற்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். பெயின்ட் அடித்துவிட்டால் இதில் எதுவும் வெளியே தெரியாது. ஜி.ஐ. பைப்பும் பளபளவென்றுதான் நிற்கும்.

*

சிக்கல் பாதத்தில் இருக்கிறது. இன்று முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு.

ஜீப்பின் உடம்பு வேறு, சேஸிஸ் வேறு. நடுவில் ரப்பர் கட்டைகள். கரட்டுப் பாதையில் ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினால் சேஸிஸ் முறுகும். உடம்பு தன் போக்கில் கொஞ்சம் நெளியும். குழாயின் பாதத்தை உடம்புத் தகட்டின்மேல் மட்டும் போல்ட் போட்டால், புரளும்போது பாதம் தகட்டைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். பழைய வண்டியில் தளத்தகடு துருவால் பாதி போயிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சரி, தகட்டைத் துளைத்து நேரே சேஸிஸில் பற்றவைத்தால்? முறுகுகிற சட்டத்துக்கு மேல் முறுகாத கூண்டு. நாளாக ஆக எங்காவது வெடிப்பு விடும், பெரும்பாலும் ஒட்டின் ஓரத்தில்.

மேஸ்திரி சொன்ன வழி: தகட்டுக்கு மேலும் கீழும் பட்டைத் தகடு கொடுத்து நடுவில் இறுக்குவது. கீழ்த்தகட்டிலிருந்து சேஸிஸில் பற்றவைத்த கைக்கு ரப்பர் புஷ் வழியாக ஒரு பிடிப்பு. எடை சேஸிஸுக்குப் போகும், முறுக்கு ரப்பரோடு நிற்கும். சாக்பீஸை எடுத்துத் தரையில் வரைந்து காட்டினார். வரைந்த கோட்டைக் காலால் அழித்துவிட்டு, இன்னும் நாலு விரல் பின்னால் தள்ளி வரைந்தார். முதலில் வரைந்த இடத்தில் டீசல் டேங்க் இடிக்கும்.

*

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். தார்ச்சாலையில் ஜீப் சொன்னபடி கேட்கும். மேலே போய் மகாராஜாமெட்டுப் பக்கம் திரும்பியதும் கல்லும் பள்ளமும். அங்கே வேகத்தால் வண்டி புரள்வது அரிது; நடக்கிற வேகத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, கவிழும். கேஜுக்கு 20 மீட்டர் குழாய் போனால் கிட்டத்தட்ட 50 கிலோ. அதில் பெரும்பங்கு இடுப்புக்கு மேலே. புரண்டால் காப்பாற்ற வைப்பது, புரள்வதைக் கொஞ்சம் எளிதாக்கவும் செய்கிறது. அதனால்தான் மேலே கேரியர், கேரியரில் ஸ்பேர் டயர், நாலு விளக்கு என்று அடுக்கச் சொன்ன நண்பர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை.

*

டிராக்டருக்கு இந்த யோசனை முன்பே வந்துவிட்டது. புதிய டிராக்டர்களில் புரள்வுக்காப்புச் சட்டம் கட்டாயம் என்று ஸ்வீடன் 1959-இலேயே விதித்தது. இங்கே வாழைத்தோப்புகளில் ஓடும் டிராக்டர்களில் பலவற்றில் இன்றும் வெயிலுக்கு ஒரு தகரக்கூரைதான்.

*

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு: தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் சாலையில் இறக்குவதாக இல்லை. இதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. கண்டவர் கண்டபடி பைப் வளைத்து மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரில் ஓடும் முன்பக்க பம்பர்களே சாட்சி.

*

பெல்ட் இல்லாத கேஜ் ஆபத்து. ஹெல்மெட் போட்ட பந்தய ஓட்டுநருக்கே தலை படக்கூடிய இடத்தில் குழாய்க்கு மெத்தை சுற்றச் சொல்கிறார்கள். வெறுந்தலையோடு, பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கவாட்டுக் குழாய் இரும்புத்தடிதான். முன்னிருக்கை இரண்டுக்கும் மூன்று முனை பெல்ட், மேல் முனை பிரதான வளைவின் குறுக்குக் குழாயில். இதுவரை தகராறு இல்லை.

மேஸ்திரி பின்னால் கையைக் காட்டினார். 540-இன் பின்பக்கத்தில் நீளவாக்கில் இரண்டு பெஞ்ச். பக்கம் பார்த்து உட்கார்கிறவருக்குப் பெல்ட் பூட்டினாலும் உருப்படியாக நிற்காது.

“பின்னாடி எத்தனை பேர் உக்காருவாகண்ணே?”

“யாரும் உக்கார மாட்டாங்க.”

“அப்ப ரெண்டையும் கழட்டிருவோம். கெடந்தா யாராவது ஏறத்தான் செய்வாக.”

பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்துவரச் சொல்லிப் பையனைக் கூப்பிட்டார்.